அஸ்மாராவின் இரு பாதிகள்

எரித்திரியாவின் தலைநகரான அஸ்மாராவைப் பற்றி எழுதியோருள் பெரும்பாலோர், கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேலே, குளிர்ந்த பீடபூமியின்மீது, ஓர் இத்தாலிய நகரம் காலத்தால் தீண்டப்படாமல் நிற்பதாகவே வர்ணித்துப் போயிருக்கின்றனர். அந்த வர்ணனை அரைகுறையானது என்பதும், கட்டடங்களின் சௌந்தரியத்தை நகரம் வகுக்கப்பட்ட முறையினின்று பிரித்துப் பேசுவது சரித்திர நியாயமாகாது என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

இந்நகரின் நவீன பாணிக் கட்டடங்களிற் பெரும்பகுதி 1935-க்கும் 1941-க்கும் இடைப்பட்ட சொற்ப காலத்தில் எழுந்தவை. எத்தியோப்பியாவின்மீது இத்தாலியச் சர்வாதிகாரி முஸோலினி தொடுத்த யுத்தத்துக்கு, அப்போது இத்தாலியின் காலனியாயிருந்த எரித்திரியாவே தளமாயிற்று. படையின் பின்னே தொழிலாளரும் வணிகரும் குடும்பங்களுமாக வந்து குவிந்த இத்தாலியர், 1939-ல் நகர மக்களுள் பாதிக்கு மேற்பட்டோராயினர். அவர்களுக்கு வீடும் கடையும் சினிமாக் கொட்டகையும் அவசரமாக வேண்டியிருந்தன. பேரரசின் பெயரையே தாங்கி 1937-ல் எழுந்த இம்பெரோ சினிமா, அந்த அவசரத்தையும் அகந்தையையும் ஒருங்கே காட்டுவது.

1938-ல் ஜியுசெப்பே பெத்தாத்ஸி வகுத்த ஃபியட் தாலியெரோ பெட்ரோல் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். நடுவே கோபுரம் போன்றதொரு மாடம். அதன் இருபுறமும், தூண் ஒன்றுமின்றி, சுமார் பதினைந்து மீட்டர் நீண்டு அந்தரத்தில் நிற்கும் கான்கிரீட் சிறகுகள். தூண் நிறுத்தியே தீரவேண்டும் என்று அதிகாரிகள் பிடிவாதம் பிடித்ததாகவும், முட்டுக்களை அகற்றத் தயங்கிய ஒப்பந்தக்காரரைப் பெத்தாத்ஸி கைத்துப்பாக்கி காட்டி இணங்கச் செய்ததாகவும் ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, அது கலைஞனின் துணிவை மட்டுமே கொண்டாடுகிறது. முட்டுக்களைத் தட்டியெடுக்க அச்சிறகுகளின் கீழே நின்றிருக்க வேண்டிய கூலியாட்களைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. அஸ்மாராவைப் பற்றிய இலக்கியம் முழுவதிலும் இக்குறை பரவிக் கிடக்கிறது.

முப்பதுகளின் இறுதியில் வித்தோரியோ கஃபியெரோ தயாரித்த நகரத் திட்டம் ஐரோப்பியர் வாழும் பகுதியையும் சுதேசிகள் வாழும் பகுதியையும் இன அடிப்படையில் வெட்டிப் பிரித்தது. முன்னதற்கு அகன்ற வீதிகளும் நிழல் மரங்களும் கிடைத்தன. பின்னதான அப்பா ஷாவுல், திட்டமே இல்லாமல் நெருக்கடியில் விடப்பட்டது. ஆகவே, வெள்ளைச் சுவர்களின் எளிமையையும் வளைவுகளின் நயத்தையும் ரசிக்கிற நாம், அவ்விசாலம் யாரை விலக்கியதனால் கிடைத்தது என்பதையும் சேர்த்தே வாசிக்கக் கடமைப்பட்டவர்கள். விதிவிலக்காகச் சொல்லத்தக்கது எந்தா மரியம் தேவாலயம். கல்லும் மரமும் மாறி மாறி அடுக்கும் புராதன உள்ளூர் மரபை நினைவூட்டும் அதன் முகப்பு, இம்மண்ணுக்குச் சொந்தமானதொரு கட்டடக்கலை ஏற்கெனவே இருந்தது என்பதற்குச் சாட்சி.

1941-ல் இத்தாலிய ஆட்சி வீழ்ந்தது. பின்னர் பிரிட்டிஷ் நிர்வாகம், எத்தியோப்பிய ஆதிக்கம், முப்பதாண்டு விடுதலைப் போர். இவ்வளவுக்குப் பின்னரும் இக்கட்டடங்கள் நிலைத்து நிற்கின்றன என்றால், 1993-ல் சுதந்திரம் பிரகடனம் செய்த எரித்திரியர், தங்களை ஒதுக்கி வைத்த நகரத்தை இடித்தெறியாமல் தமதாக்கிக்கொண்ட பெருந்தன்மையே அதற்குப் பிரதான காரணம் என்பேன். முஸோலினியின் பெயர் சூடியிருந்த ராஜவீதி இன்று ஹர்னெட் அவென்யூ; மாலை வேளைகளில் அதில் உலாவி, காப்பிக் கடைகளில் அமர்ந்து பேசுவோர் அந்நாட்டு மக்களே.

2017-ல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, அப்பா ஷாவுலையும், அதைப் போன்றே சுதேசிகளின் பகுதியான அர்பாத்தே அஸ்மேராவையும் அச்சின்னத்தின் எல்லைக்குள் சேர்த்தது மிகவும் போற்றத்தக்கது. இனி அங்கே செல்லும் ஆராய்ச்சியாளர், பெட்ரோல் நிலையத்தின் சிறகுகளை அளந்ததோடு திரும்பிவிடாமல், அப்பா ஷாவுலின் சந்துகளையும் மனைகளையும் அதே சிரத்தையுடன் அளந்து வரைபடமாக்கித் தருவார்களாக.