கூலியில் குடும்பத்தின் பங்கு



திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தேர்வாய் கண்டிகை என்றோர் ஊர் உண்டு. ஒரு தலைமுறைக்கு முன்பு அது உழவர்களும் ஆடுமாடு மேய்ப்போரும் வாழ்ந்த சிற்றூர். அங்கே சிப்காட் தொழிற்பூங்கா அமைக்க அரசு முனைந்தபோது, மேய்ச்சல் நிலத்தை இழக்க இயலாது என்று ஊர் மக்கள் போராடினர். 2009ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் மிச்செலின் டயர் நிறுவனம் தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, பின்னர் அங்கே ஆலை எழுப்பியது. இன்று அவ்வூரைச் சுற்றி ஆலைகள் பெருகியுள்ளன.

இத்தகைய தொழிற்பேட்டைகளுக்கு இருவகை வெளியூரார் வருகின்றனர். முதல் வகையினர் கடல் கடந்து வரும் பொறியாளர்களும் மேலாளர்களும். உலக நிறுவனங்களின் பொது வழக்கப்படி, இவர்களுக்குச் சம்பளத்திற்கு மேல் சென்னையில் வீட்டு வாடகையும், பிள்ளைகளுக்குச் சர்வதேசப் பள்ளிக் கட்டணமும், ஆண்டுதோறும் குடும்பத்தோடு தாயகம் சென்றுவர விமானச் சீட்டும் கிடைக்கின்றன. இரண்டாம் வகையினர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து ரயிலேறி வரும் தொழிலாளர்கள். ஓர் அறையில் பலர் தங்குகின்றனர். மனைவியும் மக்களும் ஊரில் இருக்கின்றனர். இருசாராரும் பிழைப்பிற்காக வீட்டைவிட்டு வந்தவர்களே. ஒருவருக்குக் குடும்பம் கூலியின் ஒரு பகுதியாகிறது. மற்றவருக்கு அது கூலிக்கு வெளியே நிற்கிறது.

நமக்கு இக்காட்சி புதிதன்று. சபுர் சென்ற வாப்பாவைப் புகைப்படத்தில் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் நம் தெருக்கள் எங்கும் உண்டு. பள்ளி மதிப்பெண் அட்டையில் தந்தை கையொப்பமிட வேண்டிய இடத்தில் மாமா கையொப்பமிட்ட வீடுகள் எத்தனை! அதே வளைகுடா நகரில், அதே கம்பெனியில், வேறொருவருடைய பிள்ளை கம்பெனிப் பணத்தில் பள்ளிப் பேருந்தில் ஏறிச் சென்றான். இந்தப் பிரிவு எங்கே தொடங்கிற்று, யார் வகுத்தது என்பதை வரலாற்றில் சற்றே தேடிப் பார்ப்போம்.

அதிகாரிக்குக் கப்பல் சீட்டு, தொழிலாளிக்கு லயம்

முதல் உலகப் போருக்குப் பின் இந்திய ஆட்சிப் பணிக்கு வர ஆங்கிலேய இளைஞர்கள் தயங்கினர். விலைவாசி உயர்ந்திருந்தது, இந்தியாவில் விடுதலை வேட்கையும் வளர்ந்திருந்தது. அவர்களைத் தக்கவைக்கும் வழியை ஆராய 1923இல் லீ பிரபுவின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1924இல் அது அறிக்கை தந்தது. ஐரோப்பிய அதிகாரிக்கும் அவர் மனைவிக்கும் பணிக்காலத்தில் நான்கு முறை தாயகம் சென்றுவரக் கப்பல் பயணச் செலவு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வழிப் பயணச் செலவு ஆகியவற்றை அரசே ஏற்கவேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. பிள்ளைகள் இங்கிலாந்துப் பள்ளிகளில் படிக்க அனுப்பப்பட்டமையால் அந்த ஒரு வழிச் சீட்டு தேவைப்பட்டது. அச்செலவு முழுதும் இந்திய மக்களின் வரிப்பணத்திலிருந்தே சென்றது.

வர மறுக்கும் வலிமை உள்ளவனை வரவழைக்க அவன் குடும்பத்தின் செலவையும் ஏற்றாக வேண்டியிருந்தது. இன்று வெளிநாட்டு அதிகாரிகளுக்குத் தரப்படும் பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் அந்த வழக்கத்தின் தொடர்ச்சி போன்றவையே.

அதே காலத்தில் தமிழ்த் தொழிலாளிக்கும் முதலாளி வீடு கொடுத்தான், பள்ளியும் கொடுத்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் அவ்வீட்டிற்கு லயம் என்று பெயர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள ஒற்றை அறையில் ஒரு குடும்பமே வாழ்ந்தது. மலாயாவில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டத்தில் முதலாளி பள்ளி நடத்தவேண்டும் என்று விதித்தது. விதி நல்லதுதான். ஆனால் அப்பள்ளிகளில் பெரும்பாலானவை சில வகுப்புகளோடு முடிந்தன. பல தோட்டங்களில் கங்காணியோ கணக்கரோதான் ஆசிரியர். பிள்ளை படித்து வேறு தொழிலுக்குச் செல்வதைத் தோட்டம் விரும்பவில்லை. கொழுந்து பறிக்கவும் பால் எடுக்கவும் பெண்களின் கைகளும் சிறுவர்களின் கைகளும் வேண்டியிருந்தன. அதிகாரியின் குடும்பத்தைச் செலவென்று ஏற்ற காலம், தொழிலாளியின் குடும்பத்தை மலிந்த உழைப்பாகக் கணக்கிட்டது.

கடையநல்லூரார் கட்டிய பள்ளி

முதலாளி கொடுக்காததைச் சமுதாயமே ஏற்ற ஒரு நிகழ்வையும் இங்கே நினைவுகூர வேண்டும். நம் முஸ்லிம் ஊர்களிலிருந்து சிங்கப்பூர், மலாயா சென்ற பெரும்பாலோர் தனியே சென்றவர்கள். கடையநல்லூர் நெசவாளர்கள் பலர் அதற்கு மாறாக மனைவி மக்களோடு சிங்கப்பூரில் குடியேறினர். தஞ்சோங் பகார் வட்டாரத்தில் நெருக்கமான இல்லங்களில் வாழ்ந்தனர். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. போர் முடிந்து ஊரே பஞ்சத்தில் கிடந்த 1946இல் அச்சங்கம் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1982இல் அது மூடப்படும் வரை சிங்கப்பூரின் தமிழ்ப் பிள்ளைகள் பலர் அங்கே படித்தனர்.

வளைகுடாவிலும் இதே வழியில் இந்தியர்களின் சமுதாயப் பள்ளிகள் எழுந்தன. பஹ்ரைன் இந்தியப் பள்ளி 1950இலும், துபாய் இந்திய உயர்நிலைப் பள்ளி 1961இலும், ஜித்தாவின் இந்தியப் பள்ளி 1969இலும் தொடங்கப்பட்டன. இவை இருந்தமையாலேயே கம்பெனிக் கட்டணம் கிடைக்காத நடுத்தர ஊழியரும் தம் பிள்ளைகளைத் தம்மோடு வைத்துக்கொள்ள முடிந்தது.

எண்ணெய் வந்தது, வேலியும் வந்தது

சவூதி அரேபியாவில் 1933இல் அமெரிக்க நிறுவனத்திற்கு எண்ணெய் உரிமம் வழங்கப்பட்டது. 1938இல் எண்ணெய் பெருகியது. பின்னர் அராம்கோ என்று பெயர் பெற்ற அந்நிறுவனம் தஹ்ரானில் அமெரிக்கர்களுக்கென்று ஒரு நகரத்தையே கட்டியது. குளிரூட்டப்பட்ட வீடுகள், பள்ளி, மருத்துவமனை, நீச்சல் குளம் யாவும் வேலிக்குள் இருந்தன. வேலிக்கு வெளியே சவூதித் தொழிலாளர்கள் முதலில் கூடாரங்களிலும் ஓலைக் குடிசைகளிலும் தங்கினர். இந்திய எழுத்தர்களுக்கும் தொழில்நுட்பர்களுக்கும் இடைத்தர முகாம் தரப்பட்டது. மண்ணின் மைந்தர்களுக்கே அந்நிலை!

1953இல் சவூதித் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். குடியிருப்பும் அவர்களது குறைகளுள் ஒன்று. அதற்குப் பிறகே தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிகளைக் கட்டித்தர அந்நிறுவனம் முன்வந்தது. வீடு கட்டக் கடன் தரும் திட்டமும் விரிவடைந்தது. சலுகை என்று நாம் அழைப்பதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கோரிக்கை நின்றிருக்கிறது.

1973க்குப் பின் எண்ணெய் விலை உயர்ந்து நம்மவர்கள் கூட்டங்கூட்டமாக வளைகுடா சென்றபோது அவ்வேலி இன்னொரு வடிவம் பெற்றது. இம்முறை அது சம்பள எல்லை. குறிப்பிட்ட சம்பளம் உள்ளவரே குடும்பத்தை அழைக்கலாம். அமீரகத்தில் 2019ஆம் ஆண்டு விதிப்படி 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் வேண்டும். குவைத்தில் 2016இல் 450 தினார் என்றிருந்த எல்லை, 2019இல் 500 ஆகி, 2024இல் 800 தினாராக உயர்ந்தது. சவூதியில் 2017 ஜூலை முதல் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதிக்கப்பட்டது. அது ஆண்டுதோறும் நூறு நூறாக ஏறி 2020இல் 400 ரியாலாயிற்று. மனைவியும் மூன்று பிள்ளைகளும் உடையவர் ஆண்டுக்கு 19,200 ரியால் கட்டவேண்டும். கம்பெனி ஏற்றுக்கொண்டவர்களின் குடும்பங்கள் அங்கே தங்கின. தம் கைப்பணத்திலிருந்து கட்டவேண்டியவர்களுள் பலர் மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டுப் பேச்சிலர் அறைக்குத் திரும்பினர்.

கம்பெனி தரும் சலுகைக்கு மற்றொரு முகமும் உண்டு. வீடும் பள்ளியும் வேலையோடு கட்டப்பட்டிருந்தால், வேலை போகும் நாளில் மூன்றும் ஒன்றாகப் போகின்றன. பிள்ளை பாதி ஆண்டில் பள்ளியை விட நேர்கிறது. அநீதியைக் கண்டும் வாய் திறவாது தந்தை பொறுத்துக்கொள்வதற்கும் அதுவே காரணமாகிறது. ஆகவே வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நம் பிள்ளைகள் சம்பளத் தொகையை மட்டும் பார்த்தல் போதாது. வீட்டு வாடகை பணமாகத் தரப்படுமா, கட்டடமாகத் தரப்படுமா? பள்ளிக் கட்டணம் எத்தனை பிள்ளைகளுக்கு, எந்த அளவு வரை? இடையில் வேலை முடிந்தால் அந்தக் கல்வியாண்டுக் கட்டணத்தை யார் ஏற்பார்? இவற்றை எழுத்தில் பெறுவது அவசியம்.

மார்க்கம் வைத்த அளவுகோல்

இவ்வரலாறு முழுவதிலும் கூலியை நிர்ணயித்தது பேரம் பேசும் வலிமையே. இஸ்லாம் இதற்கு வேறோர் அளவுகோலை வைத்தது. அபூதாவூதில் முஸ்தவ்ரித் பின் ஷத்தாத் (ரலி) அறிவிக்கும் நபிமொழி ஒன்று உண்டு. நம் பொதுப்பணியில் அமர்த்தப்பட்டவர் மனைவி இல்லாதிருந்தால் மணமுடித்துக்கொள்ளட்டும், வீடு இல்லாதிருந்தால் வீடு பெற்றுக்கொள்ளட்டும் என்பது அதன் கருத்து. இத்தேவைகளுக்கு மேல் எடுப்பது மோசடி என்ற எச்சரிக்கையும் அதனோடு வருகிறது. குடும்பமும் உறைவிடமும் ஊழியரின் நியாயமான தேவைகள் என்று அண்ணலார் (ஸல்) வரையறுத்தார்கள். பதவியைச் சுரண்டும் வாயிலையும் அப்போதே அடைத்தார்கள்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், போருக்குச் சென்ற கணவனைப் பிரிந்து ஒரு பெண் இரவில் துயருறுவதைக் கேட்ட கலீஃபா, தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஆலோசித்து, படைவீரர் குடும்பத்தைப் பிரிந்திருக்கும் காலத்திற்கு எல்லை வகுத்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்த எல்லை மாதங்களில் கணக்கிடப்பட்டது. நம் சபுராளிகளின் பிரிவையோ நாம் ஆண்டுகளில் எண்ணுகிறோம். பால் மறந்த குழந்தைக்கே அரசு உதவித்தொகை என்றிருந்த விதியால் ஒரு தாய் தன் குழந்தையை முன்கூட்டியே பால் மறக்கச் செய்வதைக் கண்டு, பிறந்த நாள் முதலே உதவித்தொகை என்று அவர்கள் மாற்றியமைத்ததும் நாம் அறிந்ததே. ஒரு விதி வீட்டிற்குள் என்ன செய்கிறது என்று கதவருகே நின்று கேட்ட ஆட்சி அது.

மீண்டும் நம் வாசலில்

இனி தேர்வாய் கண்டிகைக்குத் திரும்புவோம். மாநிலம் விட்டு மாநிலம் சென்று உழைப்போருக்கென 1979இல் இயற்றப்பட்ட சட்டம் இடப்பெயர்வுப் படி, பயணப் படி, தகுந்த தங்குமிடம், மருத்துவ வசதி ஆகியவற்றை ஒப்பந்தக்காரரின் கடமையாக்கிற்று. பிள்ளைகளின் கல்வி அதில் இடம்பெறவில்லை. அண்மைக் காலத்தில் தொழிலாளர் தங்குமிடங்கள் பெரிய அளவில் எழுகின்றன. 2024 ஆகஸ்டில் காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட பெண்கள் விடுதி திறக்கப்பட்டது. பாதுகாப்பான உறைவிடம் வரவேற்கத்தக்கதே. ஆயினும் தங்குமிடத்தை நாம் இன்னும் படுக்கைகளால்தான் எண்ணுகிறோம், இல்லங்களால் எண்ணவில்லை.

இங்கே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதும் உண்டு. நம்முள் பலர் இன்று முதலாளிகள். ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஆலைகளிலும், சென்னையின் உணவகங்களிலும், தொழிற்பேட்டைகளைச் சுற்றி நாம் வாடகைக்கு விடும் அறைகளிலும் வடமாநிலத் தொழிலாளர்கள் இருக்கின்றனர். கஃபீலிடம் நாம் எதிர்பார்த்த நீதியை அவர்கள் நம்மிடம் எதிர்பார்ப்பது முறையே. 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியையும், 1951இல் திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியையும் எழுப்பிய தோல் வணிகர்களின் வழிவந்த சமுதாயம் நாம். கல்விக்குக் கொடுப்பது நமக்குக் கற்றுத்தர வேண்டிய பண்பன்று.

பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை பல உள்ளன. கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி, வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கை மறுக்கலாகாது. நம்மிடம் வேலை செய்பவர் குடும்பத்தோடு வந்திருந்தால், அவர் பிள்ளையை அருகிலுள்ள அரசுப் பள்ளிக்கு நாமே அழைத்துச் சென்று சேர்க்கலாம். நோட்டுப் புத்தகச் செலவை ஏற்கலாம். குடும்பத்தோடு வருபவருக்கு அறை தர மறுக்காதிருக்கலாம். தனியே வந்தவருக்கு ஊர் சென்றுவரச் சம்பளத்தோடு விடுப்பும் ரயில் கட்டணமும் தரலாம்.

பெற்றவர் அருகிருக்க வளரும் உரிமை எந்தத் தொழிலாளியின் பிள்ளைக்கும் உண்டு. நம் வாப்பாமார்கள் பாலைவனத்தில் எதற்காக ஏங்கினார்களோ, அதை நம் வாசலுக்கு வந்தவருக்கு நாம் கொடுப்போமாக. கூலி கொடுப்போராகவும் வாங்குவோராகவும் நம்மை நீதியோடு வாழச் செய்ய அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.