மால்குடியின் இரு திரைகள்

தொலைக்காட்சித் தொடர் கலைத்தரத்தில் திரைப்படத்திற்கு ஒரு படி கீழே நிற்பது என்னும் எண்ணம் நம் ஆய்வுலகில் பெரும்பாலும் சோதிக்கப்படாமலே வழங்கிவருகிறது. அதைச் சோதிக்க, ஒரே எழுத்தாளரின் கதையுலகு இரண்டு ஊடகங்களுக்கும் சென்ற நேர்வு வேண்டும். ஆர்.கே.நாராயணின் மால்குடி அத்தகையது.

1958இல் வெளிவந்த 'தி கைடு' நாவலுக்கு 1960இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 1965இல் விஜய் ஆனந்த் இயக்க, தேவ் ஆனந்தும் வஹீதா ரஹ்மானும் நடித்த இந்தித் திரைப்படமாக அது உருப்பெற்றது. தென்னிந்தியச் சிற்றூரான மால்குடி மறைந்து, ராஜஸ்தானத்து உதயப்பூர் அவ்விடத்தைப் பிடித்தது. நாவலின் முடிவில் மழை பெய்ததா, ராஜு பிழைத்தானா என்பவை ஐயமாகவே விடப்பட்டுள்ளன. திரையிலோ மழை கொட்டுகிறது. நாயகன் புனிதனாகி மறைகிறான். நாராயண் தம் மனக்குறையைத் தனிக் கட்டுரையாகவே எழுதினார்.

1980களின் பிற்பகுதியில் தூர்தர்ஷனுக்காகச் சங்கர் நாக் இயக்கிய 'மால்குடி டேஸ்' ஷிவமொக்கா மாவட்டத்து ஆகும்பேயில் படமாக்கப்பட்டது. அரசாளு ரயில் நிலையமே மால்குடி நிலையமாயிற்று. ஓவியங்கள் ஆர்.கே.லக்ஷ்மணுடையவை, இசை எல்.வைத்தியநாதனுடையது. சிறுகதைகள் பெரும்பாலும் ஒரு பகுதிக்குள் முடிந்தன. 'சுவாமியும் நண்பர்களும்' நாவல் பல பகுதிகளாக விரிந்தது.

இவ்வேறுபாட்டுக்கு மொழி காரணமன்று: 'கைடு' இந்தி, ஆங்கிலம் என இரு வடிவங்களில் உருவானது, 'மால்குடி டேஸ்' தொடரின் தொடக்கப் பகுதிகளும் அவ்வாறே. திறமையும் காரணமன்று: சங்கர் நாக் கன்னடத் திரையின் முன்னணி நடிகர், இயக்குநர், வைத்தியநாதனும் திரையிசையமைப்பாளரே. கதையின் நீளத்தையும் நிலத்தையும் முடிவையும் தீர்மானித்தது எது என்பதிலேயே வேறுபாடு உள்ளது. திரைப்படத்தில் நட்சத்திரமும் பாடலும் அகில இந்தியச் சந்தையும் தீர்மானித்தன. தொடரில், போட்டி அலைவரிசைகள் இல்லாத ஒரு காலத்தின் வாய்ப்பால், கதையே தீர்மானித்தது.

இதைக் கொண்டு தொடரே உயர்ந்தது என முடிப்பதும் பிழை. மூலத்துக்கு உண்மையாக இருத்தல் வேறு, தரம் வேறு. சிறந்த படம், இயக்கம் உள்ளிட்ட ஃபிலிம்ஃபேர் விருதுகளைப் பெற்ற 'கைடு', எஸ்.டி.பர்மனின் இசையாலும் வஹீதாவின் நடனத்தாலும் நாவலில் இல்லாத ஓர் அழகைத் தானே படைத்துக்கொண்டது. எழுத்தாளரின் மனநிறைவு ஆய்வாளரின் அளவுகோலாகாது.

தொடரின் நல்வாய்ப்பும் நிலைக்கவில்லை. 1993இல் சன் டிவி தொடங்கியபின், விளம்பரமும் பார்வையாளர் அளவீடும் தொடரின் நீளத்தை முடிவுசெய்யலாயின. 'மெட்டி ஒலி' (2002–2005) எண்ணூறு பகுதிகளைத் தாண்டியது. அதன் குடும்பப் பேச்சுவழக்கு மொழியியலாளருக்கு அரிய தரவு. ஆனால் அந்நீளத்தைக் கதை மட்டும் கேட்டுப் பெறவில்லை.

ஆகவே 'எந்த ஊடகம் சிறந்தது' என்பதைவிட, 'இப்படைப்பின் நீளத்தை யார் வகுத்தார்' என்பதே பயனுள்ள வினா. இன்றைய இணையத் தொடர்களை ஆராயும் மாணவர்கள் இவ்வினாவிலிருந்து தொடங்கினால், தரம் பற்றிய நம் உரையாடல் மேலும் தெளிவுபெறும்.