விகுதி ஏற்றால்தான் குடியுரிமை: ரஷ்ய மொழியின் புதுச்சொற்கள்

மகா பீட்டர் காலத்தில் கடற்படைத் தொழிலோடு டச்சுச் சொற்கள் பல ரஷ்ய மொழிக்குள் புகுந்தன. கப்பல் தளத்தின் மேல் வெயிலுக்குக் கட்டும் விரிப்பைக் குறித்த சொல் ரஷ்யர் வாயில் 'ஸோன்திக்' ஆயிற்று. 'இக்' அம்மொழியில் சிறுமைப் பொருள் தரும் விகுதி: 'தோம்' வீடு, 'தோமிக்' சிறுவீடு. அந்தக் கணக்கில் ஸோன்திக்கையும் ஏதோ ஒன்றின் சிறு வடிவமாக எடுத்துக்கொண்ட மக்கள், விகுதியைக் கழித்து 'ஸோன்த்' என்ற பகுதியைத் தாமே உண்டாக்கிக்கொண்டார்கள். டச்சில் அந்தப் பொருளில் அப்படியொரு சொல்லே கிடையாது. விரிப்பைக் குறித்த சொல் பின்னர் குடைக்கு ஆகிவர, இன்று ரஷ்யாவில் குடைக்கு இரண்டு வடிவங்களும் வழங்குகின்றன.

அயற்சொற்கள் மொழியைக் கெடுக்கின்றன என்ற புலம்பல் மாஸ்கோவிலும் பழையதுதான். ஆனால் வேர் எந்த ஊரிலிருந்து வந்தது என்பது இரண்டாவது கேள்வி. ரஷ்ய ஒட்டுகளை அது ஏற்றதா என்பதே முதல் கேள்வி.

இணையத்தில் தேடுவதைக் குறிக்கும் 'கூக்லித்' என்ற வினையைப் பார்க்கலாம். ரஷ்ய வினை, செயல் நடந்துகொண்டிருக்கிறதா முடிந்துவிட்டதா என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். ஆகவே வினை பிறந்த கையோடு முன்னொட்டும் தேவைப்பட்டது. 'ஸகூக்லித்' என்றால் தேடிப் பார்த்துவிடுவது. 'போகூக்லித்' கொஞ்சம் தேடிப் பார்ப்பது. 'நகூக்லித்' தேடிக் கண்டெடுப்பது. எந்தக் குழுவும் கூடி இவற்றை வகுக்கவில்லை. 1992இல் வெளிவந்த தம் நூலின் தலைப்பிலேயே சொல்லாக்கத்தை ஒரு 'செயல்பாடு' என்றார் மொழியியலாளர் யெலேனா ஸெம்ஸ்கயா. பொருத்தமான பெயர்தான்.

1917 புரட்சிக்குப் பிறகு அலுவலகங்கள் கொட்டிய சுருக்கச் சொற்கள் இதற்கு எதிர்ச்சான்றாகத் தோன்றலாம். கூட்டுப்பண்ணையான 'கல்ஹோஸ்' மேலிருந்து வந்த சொல்தான். ஆயினும் 'கல்ஹோஸ்னிக்', 'கல்ஹோஸ்னித்ஸா' என்று ஆண், பெண் உழவர் பெயர்களை ஈன்ற பிறகே அது ஊர்ச்சொல்லானது. இன்னும் சுவையானது 'வூஸ்'. 'உயர் கல்வி நிறுவனம்' என்னும் தொடரின் முதலெழுத்துகள் சேர்ந்த சொல் இது. தொடரின் தலைமைப் பெயர் அலிபால். ஆனால் மெய்யில் முடிவதால் வூஸ் ஆண்பாலாகி, எல்லா வேற்றுமை உருபுகளையும் ஏற்கிறது. 'வூஸவ்ஸ்கி' என்ற பெயரடையும் உண்டு.

பேச்சுவழக்கில் மிகுதியாக உழைப்பது 'கா' விகுதி. மின்தொடர்வண்டி 'எலெக்த்ரிச்கா', பங்கு வேன் 'மர்ஷ்ரூத்கா', சோவியத் தலைவர் குருஷ்சேவ் காலத்து நெருக்கடியான அடுக்குமாடி 'ஹ்ருஷ்சோவ்கா'. இரு சொல் தொடர் ஒரே சொல்லாகச் சுருங்க இந்த ஒரு விகுதி போதும்.

அதே விகுதிதான் இப்போது சண்டைக்கும் காரணம். பெண் எழுத்தாளரை 'அவ்தர்கா' என்று பெண்ணியர் எழுத, பலருக்குக் காது கூசுகிறது. 'ஸ்துதேன்த்கா' (மாணவி) உறுத்துவதில்லையே என்றால், அதில் அழுத்தம் விகுதிக்கு முந்திய அசையில் விழுகிறது, 'அவ்தர்கா'வில் முதலசையில் விழுகிறது என்பது மொழியியலார் தரும் விளக்கம். அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. ரஷ்ய மொழிக்கு உறவான செக் மொழியிலும் இச்சொல்லின் முதலசையில்தான் அழுத்தம், அங்கே அது பாடநூல் வரை சாதாரணமாகப் புழங்குகிறது. 'கா' என்றாலே கொச்சை, இளக்காரம் என்ற எண்ணம்தான் ரஷ்யாவில் ஒலியைவிடப் பெரிய தடை.