நீராவி மறுசீராக்க வினையூக்கி

நீராவி மறுசீராக்க வினையூக்கி என்பது, இயற்கை எரிவளியிலுள்ள மெத்தேனை நீராவியுடன் வினைபுரியச் செய்து ஐதரசன் (ஹைட்ரஜன்) பெற உதவும் வினையூக்கி ஆகும். இதற்குப் பெரும்பாலும் நிக்கல் பயன்படுகிறது. விலை குறைந்ததும் திறன் மிக்கதுமான இவ்வுலோகம் கரி படிவதற்கும் துணைபுரிவது இதன் முதன்மையான குறைபாடாகும். வினைத்திறனைப் பெரிதும் இழக்காமல் கரிப்படிவைத் தடுப்பதே மேம்பாட்டு ஆய்வுகள் பலவற்றின் நோக்கம்.

வேதிவினைகள்

ஒரு மெத்தேன் மூலக்கூறும் ஒரு நீர் மூலக்கூறும் வினைபுரிந்து ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறையும் மூன்று ஐதரசன் மூலக்கூறுகளையும் தருகின்றன. இது மோலுக்கு 206 கிலோயூல் வெப்பத்தை உட்கொள்ளும் வினையாகும். எனவே வினையூக்கி நிரப்பப்பட்ட குழாய்கள் உலையில் வைத்து வெளியிலிருந்து சூடாக்கப்படுகின்றன. வினை 700 முதல் 1000 பாகை செல்சியசு வரையான வெப்பநிலையில் நிகழ்கிறது. அடுத்த கட்டத்தில் கார்பன் மோனாக்சைடு நீராவியுடன் வினைபுரிந்து, கார்பன் டை ஆக்சைடையும் மேலும் ஓர் ஐதரசன் மூலக்கூறையும் தருகிறது. இதற்கு இரும்பு அல்லது செப்பு கொண்ட வேறு வினையூக்கிகள் பயன்படுகின்றன.

அமைப்பு

நிக்கல் நுண்துகள்கள் அலுமினா, மக்னீசியம் அலுமினேட்டு போன்ற வெப்பம் தாங்கும் பொருள்களின் மேல் பரப்பப்பட்டிருக்கும். வினை மிக விரைவாக நிகழ்வதால் வளிமங்கள் வில்லையின் உட்பகுதியை அடையுமுன்பே பெரும்பாலும் வினைபுரிந்துவிடுகின்றன. எனவே புறப்பரப்பை மிகுவிக்க, வில்லைகள் பல துளைகள் கொண்ட சிறு உருளைகளாகச் செய்யப்படுகின்றன.

செயலிழப்புக்கான காரணங்கள்

* கரிப்படிவு: நிக்கல் துகளின் மேல் பிரியும் கார்பன் நுண்ணிழையாக வளர்ந்து துகளைத் தாங்கியிலிருந்து பெயர்த்துவிடுகிறது. இதனால் வில்லைகள் நொறுங்கிக் குழாய் அடைபடலாம். வளிம ஓட்டம் குறைந்த குழாய் மிகையாகச் சூடேறி வெடிக்கவும் கூடும்.
* கந்தக நச்சு: கந்தகம் நிக்கல் பரப்பில் வலுவாக ஒட்டிக்கொள்கிறது. எனவே எரிவளியிலுள்ள கந்தகம் துத்தநாக ஆக்சைடு கொண்டு முன்கூட்டியே நீக்கப்படுகிறது.
* துகள்திரட்சி: நிக்கலின் உருகுநிலை 1455 பாகை செல்சியசு. எனினும் ஏறத்தாழ 590 பாகையிலேயே அணுக்கள் நகரத் தொடங்குவதால், துகள்கள் ஒன்றுசேர்ந்து பரப்பளவு குறைகிறது.

மேம்பாடுகள்

ஒரு மெத்தேனுக்கு ஒரு நீர் மூலக்கூறு போதுமானதாயினும், கரியைத் தவிர்க்க ஆலைகளில் வழக்கமாக இரண்டரை முதல் மூன்று மடங்கு நீராவி செலுத்தப்படுகிறது. மிகை நீராவிக்கு மிகை எரிபொருள் தேவை. பொட்டாசியம் சேர்த்தால் கரி நீராவியுடன் வினைபுரிந்து நீங்குவது எளிதாகும். ஆனால் வினைத்திறன் குறையும்.

கரி உருவாக, மறுசீராக்க வினையைக் காட்டிலும் அதிக எண்ணிக்கையில் அடுத்தடுத்த நிக்கல் அணுக்கள் தேவைப்படுகின்றன. எனவே பரப்பின் ஒரு பகுதியைக் கந்தகத்தால் மூடினால் கரி குறைந்து வினை தொடர்கிறது. நச்சையே மருந்தாக்கும் இம்முறையை டென்மார்க்கின் ரோசுட்ரப்-நீல்சன் 1980களில் விளக்கினார். 1998 இல் பெசன்பாக்கர் குழுவினர், நிக்கல் பரப்பில் சிறிதளவு தங்கம் சேர்த்தும் கரியைக் குறைக்கலாம் எனக் காட்டினர். நிக்கல் பரப்பிலுள்ள அணுப்படிகளே கரியிழை வளரும் இடங்கள் என்பதை 2004 இல் எதிர்மின்னி நுண்ணோக்கிப் படங்கள் புலப்படுத்தின. உரோடியம், உருத்தேனியம் ஆகியவற்றில் கரி குறைவாகவே படியும். விலை மிகுதியால் அவற்றின் பயன்பாடு குறைவு.

வரம்பு

வினையூக்கி எவ்வளவு மேம்பட்டாலும், மெத்தேனிலுள்ள கார்பன் இறுதியில் கார்பன் டை ஆக்சைடாகவே வெளியேறும். ஒரு கிலோகிராம் ஐதரசனுக்கு வினைகளால் மட்டும் 5.5 கிலோகிராம் உண்டாகிறது. உலை எரிபொருளால் இவ்வளவு மேலும் கூடுகிறது.

இவற்றையும் பார்க்க

* வினையூக்கி
* ஐதரசன்
* எரிபொருள் கலம்