பழைய நிலக்கரி அடுப்பு: வாங்குமுன் புகைபோக்கியைப் பாருங்கள்

இங்கிலாந்தில் விக்டோரியா காலத்து வீடொன்றை வாங்குபவர்கள், முன்னறைச் சுவரில் பலகை அடித்து மூடிய கணப்பு ஒன்றைக் காண்பது வழக்கம். எரிவாயுக் கட்டணம் ஏறிய பின்னர், அதைத் திறந்து பழைய வார்ப்பிரும்பு நிலக்கரி அடுப்பொன்றை வைத்தால் என்ன என்று எம்மவர்களிலும் சிலர் யோசிக்கிறார்கள். செய்யலாம். ஆனால் ஊரில் அடுப்பு மூட்டிய அனுபவத்தை நம்பி இதில் இறங்கக் கூடாது. அங்கே குசினி புறம்பாக இருந்தது, புகை ஓட்டு இடுக்குகளால் போய்விடும். இங்கே இரட்டைக் கண்ணாடி யன்னல்களால் இறுக மூடிய வீடு. நிலக்கரி போதிய காற்றின்றி எரிந்தால் காபன் மொனொக்சைட் உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

பழைய அடுப்பை வாங்கப் போகும்போது ஒரு ரோச் லைட்டைக் கொண்டு போங்கள். இருட்டில் அதை அடுப்பின் உள்ளே வைத்துக் கதவை மூடினால், வெடிப்பும் விலகிய பொருத்தும் வெளிச்சக் கோடாகத் தெரியும். பொருத்துகள் விலகியிருந்தால் கழற்றித் துப்புரவாக்கி, தீச்சீமெந்து பூசி மீண்டும் இறுக்கலாம். வார்ப்பிரும்பு வெடித்திருந்தால் கதை வேறு. அதை முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் கம்பியால் ஒட்டி, மெதுவாக ஆறவிட வேண்டும். சாதாரண வெல்டிங் கடையில் கொடுத்தால் பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும். அடித்தட்டையும் பாருங்கள். நிலக்கரிக்குக் காற்று கீழிருந்து வரவேண்டும், ஆகவே கம்பித்தட்டும் அதன் கீழே சாம்பல் தட்டும் அவசியம். விறகுக்கென்றே செய்த அடுப்பில் இவை இராது.

கதவைச் சுற்றியுள்ள பழைய கயிற்றை ஒருபோதும் கையால் பிய்க்காதீர்கள். அது அஸ்பெஸ்ரஸாக இருக்கக்கூடும். ஊரில் அஸ்பெஸ்ரஸ் சீற்றுக்குக் கீழே வாழ்ந்த எமக்கு அது சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் அதன் தூசு நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டுகளின் பின்னும் புற்றுநோயைத் தரும், பிரித்தானியா 1999இல் அதை முற்றாகத் தடைசெய்தது. அதற்குரிய ஆட்களைக் கொண்டு அகற்றி, கண்ணாடியிழைக் கயிறு போடுங்கள். புதுக் கயிறு சரியா என்று அறிய, கதவிடுக்கில் ஒரு கடதாசியை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இலகுவாக வந்தால் காற்று புகுகிறது என்று பொருள். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கருமெருகு பூசுவது கடைசி வேலை, அதுவே இலகுவானதும்கூட.

பெரும் செலவு புகைபோக்கியில்தான். அடுப்புக்குப் பணம் கொடுக்குமுன் புகைபோக்கி துப்புரவாக்குபவரை அழைத்து, புகைச் சோதனை செய்விக்க வேண்டும். உள்ளே கசிந்தால் துருப்பிடிக்காத உருக்குக் குழாய் இறக்க நேரும். நிலக்கரிப் புகையில் கந்தகம் உண்டு. அது ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகிக் குழாயை அரிக்கும். அதனால் மலிவான 316 தரத்தை விட 904 தரமே ஏற்றது. ஈர விறகையும் நிலக்கரியையும் கலந்து எரிக்காமல் விடுவதும், குளிர்காலம் முடிந்தவுடனேயே கரியைத் துப்புரவாக்குவதும் இதே காரணத்துக்காகத்தான்.

பழைய அடுப்புடன் தயாரிப்பாளரின் கையேடு கிடைப்பது அரிது. ஆகவே கட்டட விதிகள் கூறும் முழு அளவையே பின்பற்ற வேண்டும்: தனியே நிற்கும் அடுப்பின் கீழ் 125 மி.மீ தடிப்பான, 840 மி.மீக்கு 840 மி.மீ அளவுள்ள எரியாத தளம். 5 கிலோவாற்றுக்கு மேற்பட்ட அடுப்பென்றால் நிரந்தரக் காற்றுத் துவாரமும் தேவை. குளிர் வருகிறதென்று அதைத் துணியால் அடைப்பவர்கள் இருக்கிறார்கள், அது தற்கொலைக்கு ஒப்பானது. இன்னொன்று, எமது வீடுகளில் தாளிப்பு மணத்தை இழுக்கப் பலமான விசிறி இருக்கும். குசினியும் முன்னறையும் ஒன்றாகத் திறந்திருந்தால் அந்த விசிறி அடுப்பின் புகையையும் வீட்டுக்குள் இழுத்துவிடும்.

வேலையை ஹெற்றாஸ் போன்ற அமைப்பில் பதிவுபெற்றவர் செய்தால் அவரே சான்றிதழ் தருவார். இல்லையேல் வேலை தொடங்குமுன் உள்ளூராட்சி சபையின் கட்டடப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். சான்றிதழ் இல்லாவிட்டால் வீட்டை விற்கும்போது சட்டத்தரணி கேட்பார், காப்புறுதியிலும் சிக்கல் வரலாம். வாடகை வீடென்றால் உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி இன்றித் தொடவே வேண்டாம்.

எரிபொருளில் பலர் ஏமாறுகிறார்கள். 1952 டிசம்பரில் லண்டனை மூடிய நச்சுப்புகையின் பின் 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் சாதாரண வீட்டு நிலக்கரி விற்பனை 2023 மே 1 முதல் முற்றாகத் தடை. அந்திரசைற்றும், அனுமதிக்கப்பட்ட புகையற்ற கட்டிகளும் வாங்கலாம். புகைக் கட்டுப்பாட்டுப் பிரதேசத்தில் உங்கள் புகைபோக்கியிலிருந்து புகை வந்தால் 175 முதல் 300 பவுண் வரை தண்டம் வரக்கூடும். லண்டனின் பெரும்பகுதி அத்தகைய பிரதேசமே. ஸ்கொட்லாந்திலும் ஏனைய நாடுகளிலும் விதிகள் வேறு.

காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி அதே அறையில், அடுப்பிலிருந்து 1 முதல் 3 மீற்றர் தூரத்தில் இருக்க வேண்டும். கூரையில் பொருத்தினால் சுவரிலிருந்து 30 செ.மீயாவது தள்ளி இருக்கட்டும். கருவி ஒலித்தாலோ, வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் தலையிடியும் குமட்டலும் வந்தாலோ, காரணம் தேடி நிற்காமல் எல்லோரும் வெளியே வந்து 999ஐ அழையுங்கள்.

எல்லாம் முடிந்தபின் முதல் சில நாட்கள் சிறு நெருப்பே போடுங்கள். தீச்சீமெந்து மெதுவாகக் காயவேண்டும். புதுப் பூச்சும் அப்போது மணக்கும், யன்னலைத் திறந்து வையுங்கள்.