அழுகையும் புலம்பலும்: சொற்கள் காட்டும் வரலாறு

ஆங்கிலத்தில் 'க்ரை' என்னும் சொல் முதலில் உரக்கக் கூவுதலையே குறித்தது. கண்ணீர் விடுதல் என்னும் பொருள் பின்னர் வந்து சேர்ந்தது. இன்றும் இரு பொருளும் வழக்கில் உள்ளன. மலாய்மொழியோ அழுதலை 'மெனாங்கிஸ்' என்றும், புலம்பி அழுதலை 'மெராத்தாப்' என்றும் வேறுபடுத்தும். இம்மொழிகளோடு தமிழையும் பயிலும் ஜொகூர் மாணவர்க்கு, அழுகையைத் தமிழ் எவ்வாறு பகுத்துக் கண்டது என்பதை நாம் எடுத்துக்காட்டுதல் தகும்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், எட்டு மெய்ப்பாடுகளுள் அழுகையையும் ஒன்றாக வைக்கிறது. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கும் அதன் நிலைக்களன்கள். பிறரால் இகழப்படுதல், உயிரையோ பொருளையோ இழத்தல், முன்னைய நிலையினின்று தாழ்தல், நுகர்வதற்கு ஒன்றும் இல்லாமை என அவற்றுக்குப் பொருள் கொள்ளலாம். அழுகையை அதன் காரணத்தால் அறிந்த மரபு இது.

'புலம்பு' என்னும் சொல்லின் வரலாறு இன்னும் ஆழமானது. தொல்காப்பிய உரியியல் அதற்குத் தனிமை என்றே பொருள் கூறுகிறது. வாய்விட்டு அரற்றுதல் என்னும் இன்றைய பொருளுக்கு அடியில் அத்தனிமை உறைந்து கிடக்கிறது. வள்ளலை இழந்த புலவர் பாடுவது கையறுநிலை. இறந்தவரின் சிறப்பை எடுத்துச் சொல்லிப் பெண்கள் பாடியழுவது ஒப்பாரி. முன்னது ஏட்டில் நின்றது. பின்னது வாய்மொழியாகவே வாழ்ந்தது.

அந்த ஒப்பாரி, ரப்பர்த் தோட்டங்களில் குடியேறிய தமிழரோடு மலாயாவுக்கும் வந்தது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் அமைத்த சயாம்-பர்மா இரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதையில் நோயாலும் பசியாலும் மாண்டோர் மிகப் பலர். உடலைக் காணாமலே அழ நேர்ந்த குடும்பங்களிடத்தே, புலம்பு என்னும் சொல்லின் பழம்பொருளும் புதுப்பொருளும் ஒன்றாயின. தொல்காப்பியர் வகுத்த நான்கு காரணங்களும் அவர்கள் வாழ்வில் ஒருங்கே நின்றன.

தோட்டங்கள் கலைந்து மக்கள் நகரங்களில் குடியேற, ஒப்பாரி பாட அறிந்தோரும் அருகி வருகின்றனர். ஏட்டில் ஏறாத பாடல், பாடுவோரோடு மறையும். ஆதலின் புலம்பல், அரற்றல், ஒப்பாரி ஆகிய சொற்களை வகுப்பறையில் பொருள் வேறுபாட்டோடு பயிற்றுவோம். தத்தம் பாட்டியர் அறிந்த பாடல்களைக் கேட்டு எழுதிவருமாறு மாணவரையும் பணிப்போம். அவர்கள் எழுதிவரும் ஒவ்வோர் அடியும் நம் வரலாற்றுக்குச் சான்றாகும்.