ஜொகூரிலிருந்து சொகுசுக் கப்பல் பயணமா? விசா, வருகை அட்டை பற்றி முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

மூன்று இரவு, நான்கு நாள். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கில் ஒரு நாள் இறங்கிச் சுற்றிவிட்டு, மறுபடியும் சிங்கப்பூருக்கே வந்து சேரும் கப்பல். டிக்கெட் எடுத்தாச்சு, குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் சொல்லியாச்சு. அப்போதுதான் அத்தை கேட்கிறார்: "விசா கிசா எல்லாம் வேணுமாப்பா?" பதில் தேட வேண்டியவர் நீங்கள்தான். வீட்டில் படிவம் நிரப்பும் வேலை எப்போதுமே இளையவர் தலையில்தானே விழும்!

ஸ்துலாங் லாவுட்டிலிருந்தும் புத்ரி ஹார்பரிலிருந்தும் பாத்தாமுக்கு ஃபெரி போகிறது. பெரிய சொகுசுக் கப்பல் என்றால் ஜொகூர்வாசிகள் பெரும்பாலும் பாலம் தாண்டி, சிங்கப்பூர் மரீனா பே கப்பல் நிலையத்தில்தான் ஏறுகிறார்கள். அங்கேதான் கணக்கு கூடுகிறது. உட்லண்ட்ஸ் வழியாக சிங்கப்பூருக்குள் நுழைவது ஒரு முறை. பினாங்குக்குப் போய்விட்டுக் கப்பலில் திரும்பி வருவது இன்னொரு முறை. உங்களுக்கு இது ஒரே பயணம். சிங்கப்பூர் குடிநுழைவு அதிகாரிக்கு இது இரண்டு தனித்தனி வருகைகள்.

மலேசியக் கடப்பிதழ் இருந்தால் சிங்கப்பூருக்கு விசா வேண்டாம். ஆனால் மின்னியல் வருகை அட்டையை நிரப்பியாக வேண்டும், அதுவும் ஒவ்வொரு வருகைக்கும் ஒன்று. கட்டணம் கிடையாது. வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை புறப்பட்டு திங்கட்கிழமை திரும்புகிறீர்கள் என்றால், திரும்பி வருவதற்கான அட்டையைக் கப்பல் ஏறும் முன்பே நிரப்ப முடியாது. சனிக்கிழமையிலிருந்துதான் முடியும். நடுக்கடலில் வைஃபைக்குக் காசு கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். பினாங்கில் கப்பல் நிற்கும்போது உங்கள் மலேசிய சிம் கார்டே வேலை செய்யும். நாசி கண்டாருக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் முடித்துவிடலாம்.

சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள் அடுத்த விஷயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். வேலை அனுமதி அட்டையோ சிங்கப்பூர் நிரந்தரவாசத் தகுதியோ வைத்திருப்பவர்கள் தரைவழிச் சோதனைச்சாவடியில் வருகை அட்டை நிரப்ப வேண்டியதில்லை. தினமும் விடிகாலையில் பாலம் கடக்கிற அண்ணன் "நான் ஒருநாளும் அதைப் போட்டதே இல்லையே" என்று சொல்வது இதனால்தான். அவர் சொல்வது பொய் இல்லை. ஆனால் அந்த விலக்கு தரைவழிக்கு மட்டும். கப்பலில் திரும்பும்போது அவரும் நிரப்பத்தான் வேண்டும். உட்லண்ட்ஸில் பயன்படுத்தும் கியூஆர் குறியீடும் இதற்கு மாற்று ஆகாது.

அடுத்த சிக்கல் நம் பெயர். மலேசியத் தமிழர் கடப்பிதழில் 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி' இருக்கும். பல இணையப் படிவங்கள் அந்தச் சாய்கோட்டை ஏற்காது. சில படிவங்கள் குடும்பப் பெயர் என்று தனிக் கட்டம் வைத்து நம்மை முழிக்க வைக்கும். அப்பா பெயர் எப்போது குடும்பப் பெயர் ஆனது என்று அந்தப் படிவத்திடம் வாதாட முடியாது. கடப்பிதழில் உங்கள் படம் உள்ள பக்கத்தின் அடியில், அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகள் இருக்கும். அதில் பெயர் வந்திருக்கும் அதே வரிசையைப் பின்பற்றுங்கள். கப்பல் டிக்கெட்டிலும் அதே பெயர் இருக்கட்டும். கடப்பிதழ் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகுமா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

வீட்டில் பாட்டிக்கு சிவப்பு அடையாள அட்டையா? அப்படியென்றால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே உட்கார்ந்து பேச வேண்டும். எத்தனை வருடம் ஜொகூரில் வாழ்ந்திருந்தாலும், மற்ற நாடுகள் பார்ப்பது அவர் கையில் உள்ள கடப்பிதழைத்தான். அது இந்தியக் கடப்பிதழ் என்றால் சிங்கப்பூருக்கு மின்-விசா தேவை. ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா போதாது. பாலம் தாண்டும்போதே அந்த ஒரு முறை முடிந்துவிடும். கப்பல் திரும்பி வரும்போது நுழைய வழி இருக்காது. பலமுறை நுழையும் விசாவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பாட்டி மலேசியாவுக்குத் திரும்பி வருவதற்கு என்னென்ன ஆவணம் தேவை என்பதையும் குடிநுழைவுத் துறையில் நேரில் கேட்டுவிடுங்கள். ஆவணம் சரியில்லை என்றால் கப்பல் நிறுவனம் ஏற விடாது, டிக்கெட் பணமும் பெரும்பாலும் திரும்ப வராது. பேரன் பேத்திகள் எல்லாரும் ஏற, பாட்டி மட்டும் துறைமுகத்தில் நிற்கும்படி ஆகிவிடக் கூடாது.

கப்பல் புக்கெட் வரை போனால், தாய்லாந்தின் மின்னியல் வருகை அட்டையும் சேரும். 2025 மே 1 முதல் அது நடப்பில் உள்ளது. மலேசியர்களுக்கு அங்கே விசா வேண்டாம் என்றாலும் அட்டை வேண்டும்.

கொச்சி, மும்பை பக்கம் போகும் நீண்ட பயணங்கள் வேறு கதை. மலேசியர்களுக்கு இந்தியா மின்-விசா கேட்கிறது. எல்லாத் துறைமுகத்திலும் அது செல்லாது. தொடக்கத்தில் ஒரு சில துறைமுகங்களில் மட்டும் ஏற்றார்கள், பிறகு பட்டியல் நீண்டது. உங்கள் கப்பல் நிற்கும் துறைமுகம் அதில் இருக்கிறதா என்று அதிகாரபூர்வத் தளத்தில் பாருங்கள். 30 நாள் சுற்றுலா மின்-விசாவில் இரண்டு முறை நுழையலாம். கொச்சியிலிருந்து நேராக கோவா, மும்பை போனால் அது ஒரே நுழைவுதான். நடுவில் கொழும்புக்குப் போய்விட்டுச் சென்னைக்கு வந்தால் இரண்டாவது நுழைவும் முடிந்தது. (இதில் ஒரு வேடிக்கை: இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் பாட்டி கொச்சியில் விசா இல்லாமலே இறங்கிப் போவார், நீங்கள்தான் வரிசையில் நிற்பீர்கள்.) அனுமதிக் கடிதத்தைத் தாளில் அச்சடித்து எடுத்துப் போங்கள், போன் பேட்டரியை நம்பாதீர்கள்.

கடைசியாக, தேடலில் முதலில் வரும் இணையத்தளத்தை உடனே சொடுக்காதீர்கள். இலவசமான சிங்கப்பூர், தாய்லாந்து அட்டைகளுக்குக்கூட 'சேவைக் கட்டணம்' வாங்கும் தனியார் தளங்கள், அரசாங்கத் தளம் போலவே வேடம் போட்டு நிற்கின்றன. வருகை அட்டைக்காக யாராவது உங்கள் வங்கி அட்டை எண்ணைக் கேட்டால், அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, அந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையின் தளத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.